உப்புக்காட்டுக் கிழங்கு

மேலக்காடு,
20-9-2023

அண்ணன் கிளெமென்டுக்கு,

சேசு மரி சூசை துணை. இது எனக்கு மட்டும். உனக்கு வேண்டிய துணையை நீயே தேடிக்கொள்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதாகப் பிரிஸ்கில்லா மதினி சொன்னது. ரொம்ப நல்லது. தபால்காரர் என்னை இன்னும் பிளாக் செய்யவில்லை. இங்கிருந்து உன் மண்டிக்கு டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. இந்தக் கடிதம் திண்டுக்கல் பெரிய தபால் ஆபீஸுக்குப் போய், முத்திரை வாங்கி, ஆற அமர வந்து சேரும். சேரட்டும். நேரில் வந்தால் நான் பேச மாட்டேன், செருப்பைத்தான் தேடுவேன்.

போன மாதம் மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நீ சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன். சாமியார் நின்றார், உபதேசியார் நின்றார், பாதி ஊர் நின்றது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. "பாகப்பிரிவினையில எனக்கு ஏன்ணே செத்த மண்ணைத் தள்ளிவிட்ட?" அதற்கு நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "மண்ணு சாகலத்தா, உனக்குத்தான் கை வணங்கல. அந்தக் காட்டுல ஒரு கூடை வெள்ளாமை எடுத்து நம்ம கோயில் ஏலத்துல கொண்டாந்து வையி பாப்பம். அன்னிக்கே என் பங்கு கிணத்துத் தோட்டத்தை உனக்கு மாத்தி எழுதித் தாரேன்." எல்லாரும் சிரித்தார்கள். இஞ்ஞாசியம்மாள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

பத்திரம் பதிவதற்கு முன்னால் நீ என்னை மேலக்காட்டுக்குக் கூட்டிவந்து காட்டிய நாளை நான் மறக்கவில்லை. சோளம் முழங்கால் உயரத்தில் பச்சைப்பசேல் என்று நின்றது. "பாத்துக்க, கிணத்துத் தோட்டத்துக்கு இது ஒண்ணும் எளச்சதில்ல" என்றாய். கொடைக்கானல் மலையிலிருந்து லீவு போட்டு வந்த முட்டாள் நான், நம்பிக் கையெழுத்துப் போட்டேன். கிணற்றுத் தண்ணீரை மாசக்கணக்கில் பாய்ச்சி அந்தப் பச்சையை நீ நட்டு வைத்திருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. பதிவு முடிந்த கையோடு வாய்க்காலை அடைத்துவிட்டாய். சோளம் கருகியது. அடுத்த வெயிலில் தரை முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. மேட்டில் மூடிக் கிடக்கிற, தோல் பதனிடுகிற ஷாப்பு ஓடிய காலத்தில் அதன் கழிவுத் தண்ணீர் இந்தக் காட்டு வழியாகத்தான் போனது என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இந்தக் கார்த்திகையில் மேலக்காட்டில் வெள்ளாமை வைக்கிறேன். உருளைக்கிழங்கு. நீ உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறாய் என்பதற்காகவே உருளைக்கிழங்கு.

ரோஸ்மேரி

*

கிளெமென்ட் மண்டி,
திண்டுக்கல்,
2-10-2023

தங்கச்சி ரோஸ்மேரிக்கு,

கடிதம் வந்தது. மண்டியில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கடை இஷாக் பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உருளைக்கிழங்கா? திண்டுக்கல் வெயிலிலா? கொடைக்கானலிலிருந்து லாரியில் வந்து இறங்குவதற்குள்ளேயே இங்கே கிழங்கு வியர்க்கிறது. அதுவும் மேலக்காட்டு உப்பில். ஏத்தா, உருளைக்கிழங்குக்கு உப்பைச் சட்டியில் போடுவார்கள், காட்டில் போடமாட்டார்கள். மலையில் விதைக்கிழங்கு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயில் செடி வளர்த்தவள் என்பதால் மண்ணும் உன் பேச்சைக் கேட்கும் என்று நினைத்துவிட்டாய் போல.

செத்த மண் செத்த மண் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிகிறாயே, நான் ஒன்று கேட்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது மலஜலம் எடுத்தது யார்? நீ வந்தாய், ஆரஞ்சுப்பழம் வாங்கிவந்தாய், ஜெபமாலை சொன்னாய், லீவு முடிந்தது என்று பஸ் ஏறிவிட்டாய். அப்பாவின் புண் நாற்றம் என் சட்டையில் அடித்தது, உன் சட்டையில் அடிக்கவில்லை. பிரிஸ்கில்லா கைதான் மருந்து வைத்துக் கட்டியது. பார்த்தவனுக்குக் கிணற்றுத் தோட்டம், பார்க்காதவளுக்கு மேலக்காடு. ஏக்கர் கணக்கில் சரிசமம். இதில் என்ன அநியாயம்?

நான் சொன்ன சொல் சொன்னதுதான். கூடையைக் கொண்டுவா. வெறுங்கூடையைக் கொண்டுவந்து கோயில் வாசலில் மானத்தை வாங்காதே. சிலுவைமுத்து மகள் என்ற பெயர் உனக்கும் இருக்கிறது.

கிளெமென்ட்

*

மேலக்காடு,
17-12-2023

அண்ணனுக்கு,

அப்பாவை நீ பார்த்தாய். அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. அதற்குக் கூலியாகக் கிணற்றுத் தோட்டம் வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால், எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, ஏமாற்றினாய். நான் எரிவது அதற்குத்தான்.

செடி முளைத்துவிட்டது. உன் மண்டி ஆள் பொம்மையனை வேவு பார்க்க அனுப்பினாயே, அவன் சொல்லியிருப்பான். இருந்தாலும் நானும் சொல்கிறேன், அவன் பாதியை விழுங்கியிருப்பான்.

மலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் உப்புக்குத் தாங்குகிற நாலு ரகம் கொடுத்தார்கள். இன்னும் பேர் வைக்காத ரகங்கள், பரீட்சைக்கு என்று கொடுத்தது. ஜிப்சம் போட்டு, புரட்டாசி ஐப்பசி மழையை வரப்புக் கட்டி நிறுத்தி, உப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். பிறகு மண்ணை வரிசை வரிசையாக மேடு அணைத்துப் பார் கட்டினேன். பாரின் உச்சியில் நடவில்லை, சரிவில் நட்டேன். பொம்மையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "என்னக்கா, வெதை கீழ உருண்டு வந்திருச்சா?" என்றான். ஈரம் மேலே ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு போய் உச்சியில்தான் விடும். இப்போது ஒவ்வொரு பாரும் தலையில் வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி நிற்கிறது. செடி அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. வைக்கோல் பரப்பி மூடியிருக்கிறேன். பாய்ச்சுவது என் ஆழ்துளைப் போர்த் தண்ணீர்தான், வாயில் வைத்தால் கரிக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், கொட்டகை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாக்குகளில் மலை மண் நிரப்பி, மண்டியில் கிடைக்கிற சாதாரணக் கிழங்கை நட்டிருக்கிறேன். அதற்கு நல்ல தண்ணீர். உன் லாரித் தண்ணீர்தான் வாங்கி ஊற்றுகிறேன். கிணற்றுத் தோட்டத்தில் ஆழ்துளைப் போர் போட்டு இரவு பகலாக உறிஞ்சி டவுனுக்கு விற்கிறாய் என்று கேள்வி. லாரி என் வரப்பு ஓரமாகத்தான் போகிறது, டிரைவர் நியாஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். அம்புட்டுத் தண்ணீரை எடுக்கிறாயே, அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்து தண்ணீர் வரும் என்று யோசித்தாயா? யோசிக்க வேண்டாம். வியாபாரத்தைக் கவனி.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்து அனுப்பாதே. ஆட்டுக்குப் போடுவேன்.

ரோஸ்மேரி

*

கிளெமென்ட் மண்டி,
திண்டுக்கல்,
13-2-2024

ரோஸ்மேரிக்கு,

லூர்து மாதா திருநாள் ஏலத்தில் நீ ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். நாளை மறுநாள் அல்ல, நாளைக்கே சாம்பல் புதன். அதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிட வேண்டும். தவக்காலத்தில் யாரையும் திட்டக்கூடாது.

கூடை என்று சொன்னேன். வெள்ளாமை என்று சொன்னேன். நீ கொண்டுவந்தது என்ன? கோலிக்குண்டு! தோல் தடித்து, சொரசொரவென்று, கட்டைவிரல் பெரிசில். என் மண்டியில் அதைப் பொடி என்று கூட்டித் தள்ளுவோம். முப்பது வருஷமாகக் கிழங்கு பிரிக்கிற கை இது. மூட்டையை அவிழ்க்காமலே எடை சொல்லுவேன், தரம் சொல்லுவேன். நீ அந்தப் பொடியை வைத்துக்கொண்டு, உபதேசியாரை விட்டு "உப்புக்காட்டு உருளைக்கிழங்கேய்" என்று கூவ வைத்து, எல்லாரும் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்க்க வைத்தாய். பின்னால் ஒருவன், "தோட்டத்தை எப்பண்ணே எழுதித் தாரீக?" என்று கேட்டான். அவன் யார் என்று எனக்குத் தெரியும்.

எழுதித் தர முடியாது. அது வெள்ளாமையில் சேர்த்தி இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து பஞ்சாயத்துப் பேசு. கிழங்கு எது, கோலி எது என்று நான் பிரித்துக் காட்டுகிறேன்.

கிளெமென்ட்

*

மேலக்காடு,
19-2-2024

அண்ணனுக்கு,

தவக்காலத்தில் எனக்கு அந்த நேர்ச்சை கிடையாது, அதனால் திட்டுகிறேன்.

சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறாயே, வெட்கமாக இல்லை? அந்தக் கூடையை ஏலத்தில் எடுத்தது இஞ்ஞாசியம்மாள் அத்தை. நம் கோயில் வழக்கப்படி, ஏலம் எடுத்தவர் தன் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி வர வேண்டும் இல்லையா? வேறு ஆள் சுமந்தால் ஏலம் செல்லாது. மூட்டு வலியோடு அத்தை சுற்றியது. உன் முன்னால் வந்ததும் வேண்டுமென்றே நின்று, "எலேய் கிளெமென்டு, செத்த எறக்கிவிடுறியா?" என்று கேட்டது. நீ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாய். எனக்குப் பந்தி சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்துவிட்டது.

அத்தை வீட்டில் அதை அவித்துத் தின்றார்கள். உப்புக் கரிக்குமோ என்று எல்லாரும் பயந்தார்கள். கரிக்கவில்லை. மாவாக இருந்தது, மறு நாளும் கேட்டார்கள்.

தோட்டத்தை இனி நான் கேட்க மாட்டேன். சத்தியமாகக் கேட்க மாட்டேன். நீயே ஒருநாள் எடுத்துக்கொள் என்று கையைப் பிசைந்துகொண்டு வருவாய். அன்றைக்கு இருக்கிறது.

பெரிய கிழங்கு பார்க்க வேண்டுமென்றால் கொட்டகைக்கு வா. விதைக்கென்று எடுத்து வைத்தது இரண்டு மூட்டை கிடக்கிறது. ஒன்றில் இருப்பது பெருவெட்டு, உன் மண்டியிலேயே முதல் தரம் போகும். அடுத்த வாரம் மலைக்குக் குளிர்க் கிடங்குக்கு அனுப்புகிறேன். கொட்டகைக்குப் பூட்டுக் கிடையாது. திருட என்ன இருக்கிறது இந்தக் காட்டில், உப்பைத் தவிர?

ரோஸ்மேரி

*

கிளெமென்ட் மண்டி,
திண்டுக்கல்,
6-1-2025

என் அன்புத் தங்கச்சி ரோசுக்கு,

இயேசு மரி சூசை துணையாலே நீ நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று நானும் உன் மதினியும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். புத்தாண்டுப் பூசையில் உன்னைத் தேடினேன். பின்வரிசையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

வயசாகிறது ரோசு. உடம்பில் சர்க்கரை. நமக்குள் எதற்கு இந்தப் பகை என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சாமியார் பிரசங்கத்தில் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசினார். என்னைப் பார்த்தே பேசிய மாதிரி இருந்தது. அன்றைக்கு வாசலில் சொன்னேன், நீயும் கூடையைக் கொண்டுவந்தாய். சின்னதோ பெருசோ, கிழங்கு கிழங்குதான். ஆகவே கிணற்றுத் தோட்டத்தை உனக்கும், மேலக்காட்டை எனக்குமாக மாற்றி எழுதிவிடலாம். பதிவுச் செலவெல்லாம் என் பாடு. உனக்கு அலைச்சல் வேண்டாம், இந்த மாதமே முடித்துவிடலாம்.

ஒரு நடை வந்து தோட்டத்தைப் பாரேன். சோளம் போட்டிருக்கிறேன், பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வருகிற அன்று சொல்லு, மதினி கோழி அடித்துக் குழம்பு வைக்கும். உனக்குப் பிடித்த பாகற்காய் வெஞ்சனமும் உண்டு.

என் போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு.

உன் அண்ணன்
கிளெமென்ட்

*

மேலக்காடு,
14-1-2025

அண்ணனுக்கு,

பொங்கல் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் போனில் என் நம்பரைத் திறந்துவிட்டாய். என் போனில் உன் நம்பரை நேற்றுத்தான் பிளாக் செய்தேன்.

சோளம். பச்சைப்பசேல். அடப்பாவி, ஒரு தங்கச்சியை ஏமாற்ற ஒரே வித்தையை எத்தனை தடவை காட்டுவாய்? நெல்லாவது போட்டிருக்கக் கூடாதா? அந்தச் சோளத்துக்கு நீ பாய்ச்சுவது உன் கிணற்றுத் தண்ணீர் இல்லை. நத்தம் பக்கம் மாந்தோப்புக் கிணறுகளில் விலைக்கு வாங்கி வருகிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நியாஸ் லாரி இப்போது காலியாகப் போய் நிறைந்து திரும்புகிறது. முன்பு நிறைந்து போய்க் காலியாகத் திரும்பும். என் வரப்பு ஓரமாகத்தான் போகிறது, டயர் பதிகிற ஆழத்தைப் பார்த்தாலே போதும்.

உன் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது.

எனக்கு இது இன்றைக்குத் தெரியவில்லை அண்ணே. என்னிடம் உப்பு அளக்கிற மீட்டர் இருக்கிறது, பேனா மாதிரி. முதல் வருஷம் சாக்குச் செடிக்கு உன் லாரித் தண்ணீரை வாங்கினேனே, ஒவ்வொரு லோடிலும் அதை விட்டுப் பார்த்தேன். கார்த்திகையில் இளநீர் மாதிரி இருந்த தண்ணீர் மார்கழியில் கொஞ்சம் ஏறியது. தையில் இன்னும் ஏறியது. அதற்கு மேல் உன் தண்ணீரை நிறுத்திவிட்டு, பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். நீ உறிஞ்சிய வேகத்துக்கு உன் பூமிக்கு அடியில் காலியான இடத்தை நிரப்ப, மேலக்காட்டுத் தண்ணீர் சரிந்து வந்துவிட்டது. எனக்கென்று நீ ஒதுக்கிய உப்பு தானாக நடந்து உன் வீட்டுக்கு வந்தது. நான் கையைக்கூட அசைக்கவில்லை.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்கலாம். போரை நிறுத்தியிருந்தால் தோட்டம் தப்பியிருக்கும். சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை மீட்டரைப் பார்க்கும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "மனஸ்தாபப்படுறியாம்மா?" என்று கேட்டார். "இல்ல சாமி" என்றேன். "அப்ப நான் மன்னிப்புத் தர முடியாதே" என்றார். "பரவால்ல சாமி, இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். திருவிருந்து வாங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புத்தாண்டில் நீ என்னைத் தேடியும் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

இப்போது அடுத்ததைக் கேள். போன தையிலேயே உன் வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை பூத்ததை நீ பார்த்துவிட்டாய். அதனால்தான் என் கடிதம் கண்ட மறுநாள், உப்புக்குத் தாங்குகிற விதையைத் திருடிவரப் பொம்மையனை என் கொட்டகைக்கு அனுப்பினாய். அவன் மூட்டையைத் தூக்கியபோது நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "பாத்துத் தூக்கு பொம்மையா, இடுப்புப் பிடிச்சுக்கிரும்" என்று சொன்னேன். பாவம், "சரிக்கா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் யாரிடம் சொன்னோம் என்று திடுக்கிட்டான். "அண்ணன் பெருசா இருக்க மூடையத்தான் தூக்கியாரச் சொல்லுச்சுக்கா" என்று தலையைச் சொறிந்தான். எடுத்துக்கொண்டு போ என்று நானே சைக்கிளில் ஏற்றிவிட்டேன்.

பெரிசு எது தெரியுமா? சாக்கில் விளைந்தது. மலை மண்ணில், நல்ல தண்ணீரில் வளர்ந்த சாதாரணக் கிழங்கு. உன் மண்டியில் தினமும் நீ புரட்டுகிற அதே கிழங்கு. சாக்கில் அதை நட்டிருக்கிறேன் என்று என் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ படித்தாய், ஆனால் இஷாக் பாயைச் சிரிக்க வைக்கிற அவசரத்தில் படித்தாய். உப்புக்குத் தாங்குகிறது பொடிதான் அண்ணே. உப்பில் வேர் விட்ட செடிக்குக் கிழங்கைப் பெருக்க வைக்கத் தெம்பு இருக்காது. அந்த மூட்டை பக்கத்திலேயே கிடந்தது. பொம்மையன் அதை எட்டி உதைத்துவிட்டு உன் பெருவெட்டைத் தூக்கினான். முப்பது வருஷம் கிழங்கு பிரித்த கை!

நவம்பரில் நீ அதைக் கிணற்றுத் தோட்டத்தில் நட்டதும் தெரியும். இலை ஓரம் கருகி, தண்டு துவண்டு, டிசம்பரிலேயே உழுது மடக்கிப் போட்டதும் தெரியும். அதன்மேல்தான் இந்தச் சோளம்.

ஆகவே தோட்டம் எனக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள். அப்பாவைப் பார்த்தவனுக்குக் கிணற்றுத் தோட்டம் என்று நீதானே எழுதினாய்? ஏக்கர் கணக்கில் சரிசமம்.

அங்கே இனிமேல் ஏதாவது முளைக்க வேண்டுமென்றால் அது என் பொடிக்கிழங்குதான். ஆசையாக இருக்கிறதா? மலைக்காரர்கள் பெருக்கிப் பரப்பச் சொல்லித்தான் கொடுத்தார்கள், யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. உனக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்டிக்கு அனுப்ப மாட்டேன். பொம்மையன் கையில் கொடுக்க மாட்டேன். இந்த வருஷமும் லூர்து மாதா திருநாளுக்கு ஒரு கூடை வைக்கிறேன், விதைப் பொடி. வந்து ஏலம் கேள். உன் வாயால் சத்தமாகக் கேள்.

அப்புறம், நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும்.

ரோஸ்மேரி

*

திண்டுக்கல்,
27-1-2025

ரோஸ்மேரிக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

நீ இப்படி இருப்பாய் என்று நினைக்கவில்லை. நான் செய்தது தப்பு என்றால் நீ செய்தது அதற்கு மேல். கிணறு செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் பேனாவை விட்டு விட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாய். அந்தக் கிணறு அப்பா வெட்டியது.

சோளமும் படுத்துவிட்டது. நத்தத்துக்காரர்கள் தண்ணீர் தர மாட்டோம் என்கிறார்கள். டவுனில் என் தண்ணீர் என்றால் கேட்டைச் சாத்துகிறார்கள்.

இந்த வருஷம் திருநாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. ஏலம் அன்றைக்கா, முந்தின ஞாயிற்றுக்கிழமையா? உபதேசியாரிடம் கேட்க எனக்கு மனசில்லை. அதை மட்டும் எழுது. பூசைக்குக் கூட்டம் குறைவாக இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். பிரிஸ்கில்லாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிளெமென்ட்

*

மேலக்காடு,
30-1-2025

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி ஒன்பது. பெரிய பூசை முடிந்து, ஊர் மொத்தமும் வெளியே வந்த பிறகுதான் ஏலம்.

மதினியைக் கூட்டிக்கொண்டு வா. இஷாக் பாயையும் கூட்டிக்கொண்டு வா, அவரும் சிரிக்கட்டும்.

அப்பா வெட்டிய கிணறு என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சித்தானே என்னைக் கையெழுத்துப் போட வைத்தாய் என்று ஞாபகம் வந்தது.

உன்னை எதிர்த்து ஏலம் கேட்க இஞ்ஞாசியம்மாள் அத்தை வருகிறது. ஜெயித்தால் கூடையை அத்தைதான் உன் தலையில் ஏற்றிவிடுமாம். தலையில் சும்மாடு வைக்கத் துண்டு கொண்டு வா. கிழங்கு சின்னதாக இருந்தாலும் கூடை கனம்தான்.

ரோஸ்மேரி